கார்னி எழுதிக் கொடுத்த நாலு வரி

மரிவிக் அபுவான் ஆல்ட்ஃபெல்ட் ஊருக்கு வந்த முதல் வருடம், தன் சமையல் இங்கே யாருக்குமே பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். தட்டுகள் என்னவோ துடைத்து வைத்த மாதிரி காலியாகத்தான் திரும்பி வந்தன. ஆனால் ஒரு ஜீவனாவது வாயைத் திறந்து நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டுமே! சாப்பிட்டு முடித்த கிழவர்கள் தொப்பியை மாட்டிக்கொண்டு, "சரி, வயிறு நிறைஞ்சுது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் வருடம்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. மானிட்டோபா மாகாணத்தின் தெற்கு மூலையில் இருக்கும் இந்த மென்னோனைட் என்னும் கிறிஸ்தவப் பிரிவு ஜனங்கள் யாரையும் முகத்துக்கு நேரே புகழ மாட்டார்கள். புகழ்ந்தால் எதிராளிக்குத் தலைக்கனம் வரும், தலைக்கனம் பாவம், அடுத்தவர் பாவத்துக்கு நாம் எதற்குக் காரணமாவது என்பது அவர்கள் நினைப்பு. கோதுமை அமோகமாக விளைந்த வருடத்தில்கூட "இந்த வருஷம் தேவலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இந்த விஷயத்தில் ஊரையே தூக்கிச் சாப்பிடுகிறவர் மரிவிக்கின் முதலாளி கார்னீலியஸ் ஹீபர்ட். ஊருக்கு அவர் கார்னி, மரிவிக்குக்கு மட்டும் பாஸ். நெடுஞ்சாலை ஓரத்தில் பதினெட்டு மேஜை போட்ட உணவகம் அவருடையது. முப்பத்தெட்டு வருட மணவாழ்க்கையில் அவர் மனைவியை ஒரே ஒரு முறைதான் பாராட்டினாராம். அதுவும் அவள் டிராக்டரைப் பின்பக்கமாக எடுத்து கொட்டகைக்குள் விட்டதற்காக.

மரிவிக் பிலிப்பைன்சின் பட்டாக் ஊர்க்காரி. மகள் ஹனிலினுக்கு ஒன்பது வயதாகும்போது கணவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பெண்ணைத் தங்கை நெலியாவிடம் விட்டுவிட்டு ஹாங்காங்கில் கொஞ்ச காலம் வீட்டுவேலை செய்தாள். அப்புறம் வேலை அனுமதி வாங்கிக்கொண்டு நேரே கார்னியின் சமையலறைக்கு வந்து சேர்ந்தாள். அப்போது ஹனிலினுக்கு வயது பதினான்கு.

பாலாடைக்கட்டியைப் பூரணமாக வைத்து, மேலே கிரீம் குழம்பு ஊற்றித் தரும் வெரெனிக்கிக் கொழுக்கட்டைதான் இந்த ஊர்க்காரர்களுக்கு உயிர். அதை மரிவிக் ஆறே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். நாலாம் வருடம் சர்ச் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்வாசல் வழியே வந்து, "மாவு எத்தனை நேரம் ஊறணும்னு சும்மா கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று இழுத்தார்கள். வியாழக்கிழமைகளில் அவள் தன் ஊர் பன்சிட் நூடுல்ஸ் போட்டாள். முதல் வாரம் நாலு பேர் சாப்பிட்டார்கள். இப்போது வியாழக்கிழமை பதினொன்றரைக்கு மேல் போனால் உட்கார இடம் கிடைக்காது.

நிரந்தர வசிப்புரிமைக்குத் திறன் பணியாளர் பிரிவில் விண்ணப்பிக்க மொழித்தேர்வில் தேற வேண்டும். எழுத்துப் பகுதி அவளை இரண்டு முறை காலை வாரிவிட்டது. மூன்றாம் முறை தேறி விண்ணப்பத்தை அனுப்பியபோது ஹனிலினுக்கு இருபத்தொரு வயது பத்து மாதம். இருபத்திரண்டு நிறைந்த பிள்ளையைத் தாயோடு சேர்க்க முடியாது என்பது சட்டம். விண்ணப்பம் போய்ச் சேரும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. இரண்டு மாத இடைவெளியில் மகளை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டோம் என்று மரிவிக் அன்று சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

விண்ணப்பத்தோடு முதலாளியின் கடிதம் ஒன்று வேண்டும். என்னென்ன வேலை செய்கிறாள், எவ்வளவு பொறுப்பு என்பதையெல்லாம் அதில் விவரமாக எழுத வேண்டும். கார்னி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினார். இதுதான் அது:

"மரிவிக் அபுவான் ஏழு வருடமாக எங்கள் சமையலறையில் இருக்கிறாள். நேரத்துக்கு வருகிறாள். சாப்பாடு பற்றிப் புகார் இல்லை. மேற்கொண்டு விவரம் வேண்டுமானால் கேட்கவும்."

மரிவிக் அதைப் படித்தாள். போதாதென்று அவளுக்கே பட்டது. ஆனால் என்னைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை நல்லதாக எழுதுங்கள் என்று ஒருவரிடம் போய்க் கேட்பதா? செத்தாலும் அவளால் முடியாது, வெட்கம் பிடுங்கித் தின்றுவிடும். புகழத் தெரியாதவர் ஒருவர், கேட்கத் தெரியாதவள் ஒருத்தி. இப்படி இரண்டு பேர் ஒரே அடுப்படியில் வாய்த்தால் கடிதம் வேறெப்படி இருக்கும்?

பதினைந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. நிராகரிப்பு. "விண்ணப்பதாரர் சமையல்காரருக்குரிய பணிகளைச் செய்தார் என்று நான் திருப்தியடையவில்லை. முதலாளியின் கடிதம் பணிகளை விவரிக்கவில்லை. அவர் சமையலறை உதவியாளராக இருந்திருக்கலாம்." தலைநகர் ஒட்டாவாவிலோ, வேறெங்கோ, ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்த ஒரு அதிகாரி அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனால் ஹனிலினுக்கு இருபத்துமூன்று முடிந்துவிட்டது. புது விண்ணப்பம் போட்டால் தாய்க்கு இடம் கிடைக்கும், மகளுக்குக் கிடைக்காது.

கார்னி நிராகரிப்புக் கடிதத்தை மூன்று முறை படித்தார். அவர் முகம் செத்துப்போயிற்று.

"நான் எழுதினதுல பொய் ஒண்ணும் இல்லையே" என்றார்.

"இல்ல பாஸ்."

"புகார் இல்லைன்னு எழுதினேனே! அதுக்கு மேல என்னத்த எழுதறது?"

அவருடைய வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை என்பது மரிவிக்குக்குத் தெரியும். அதிகாரிக்கு எப்படித் தெரியும்? அவளுக்குக் கோபம் வந்தது, ஆனால் யார் மேல் காட்டுவதென்று புரியவில்லை. நேரே போய் நாற்பது முட்டையை உடைத்து ஊற்றினாள்.

மறுநாளே கார்னி அவளைத் தன் வண்டியில் ஏற்றி வினிபெக்குக்குக் கூட்டிப் போனார். வக்கீல் டாரியா ஹ்ரின்கோ ஐம்பது வயது உக்ரேனியப் பெண்மணி. பேச்சு பட்டாசு மாதிரி படபடக்கும். கார்னியின் நாலு வரியைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலே அவரைப் பார்த்தாள்.

"இதை எழுதினது நீங்கதானா?"

"நான்தான்."

"உங்களுக்கு இந்தப் பொண்ணு மேல ஏதாவது கோபமா?"

டாரியா சிரித்துவிட்டு மரிவிக்கிடம் திரும்பினாள்.

"கேட்டுக்கோ கண்ணு. பதினஞ்சு நாளுக்குள்ள கோர்ட்டுக்குப் போகணும். ஆனா நீதிபதி உனக்கு வசிப்புரிமை தர மாட்டாங்க. அது அவங்க வேலை இல்லை. அந்த அதிகாரி ஒழுங்கா படிச்சு, நியாயமா யோசிச்சு முடிவு பண்ணினாரான்னு மட்டும்தான் பார்ப்பாங்க. பண்ணலைன்னா, வேற ஒரு அதிகாரி கிட்ட திருப்பி அனுப்புவாங்க."

"அப்ப ஹனிலின்?"

"அங்கதான் விஷயமே இருக்கு. திரும்பிப் போறது உன் பழைய விண்ணப்பம். பழைய தேதி, பழைய வயசு. ஜெயிச்சா அவ உள்ள, தோத்தா வெளிய. அதனாலதான் கோர்ட்டுங்கறேன்."

செய்தி ஊருக்குப் பரவியது. வாரக் கடைசியில் ஊர்ச்சபைத் தலைவர் ஒரு அட்டைப்பெட்டியோடு உணவகத்துக்கு வந்தார். மரிவிக்குக்கு ஆதரவாக ஊர்க்காரர்கள் எழுதிய கடிதங்கள், மொத்தம் அறுபத்துமூன்று. அடுத்த முறை மரிவிக் அதைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனபோது டாரியா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இதுல ஒண்ணைக்கூட தாக்கல் பண்ண முடியாதும்மா. அன்னிக்கு அந்த அதிகாரி முன்னால என்ன காகிதம் இருந்துதோ அது மட்டும்தான் கோர்ட்டுக்கு. புதுசா எதுவும் சேர்க்கக் கூடாது." சொல்லிக்கொண்டே ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். 'மரிவிக்கை அறிவேன். சூப் சூடாக இருக்கும்.' இன்னொன்று: 'இவள் போனால் சிரமம்.' டாரியா பெட்டியை மூடினாள். "ஒருவிதத்துல நல்லதாப் போச்சு."

அப்புறம்தான் அவள் அதிகாரியின் கோப்பைப் புரட்டினாள். பாஸ்போர்ட் நகல், தேர்வுச் சான்றிதழ், கார்னியின் நாலு வரி. அதற்குப் பின்னால் முப்பத்தாறு தாள்கள், எல்லாம் பென்சில் கிறுக்கல்.

"இது என்னது?"

"சமையலறைக் காலண்டர்" என்றாள் மரிவிக். "பாஸ் தினமும் சாயங்காலம் அன்னிக்கு நடந்ததை அதுல எழுதுவார். கடிதம் சின்னதா இருக்கேன்னு அவருக்கே தோணிச்சு போல. மூணு வருஷத்துக் காலண்டரைக் கிழிச்சுக் கொடுத்து, இதையும் அனுப்புன்னார். நான் நூலகத்துல உக்காந்து ஸ்கேன் பண்ணினேன்."

டாரியா ஒரு தாளைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மீதியைப் படித்தாள். கார்னிக்குப் புகழ்ச்சிதான் வாயில் வராதே தவிர, நடந்ததை நடந்தபடி எழுதுவதில் ஒரு குறையும் இல்லை. நடந்ததை எழுதுவது பாவமாகாது.

மார்ச் மாதம் வழக்கு வந்தது. ஆல்ட்ஃபெல்டிலிருந்து பதினாலு பேர் சர்ச் வேனில் வினிபெக்குக்குப் போனார்கள். கார்னி சாவுக்குப் போடும் கறுப்புக் கோட்டில் வந்தார். நீதிமன்ற அறைக்குள் நுழைந்ததும், சர்ச்சில் உட்காருகிற பழக்கத்தில், ஆண்கள் இடப்பக்கமும் பெண்கள் வலப்பக்கமுமாகத் தன்னால் பிரிந்து உட்கார்ந்துவிட்டார்கள். காவலர் வந்து, "எங்க வேணும்னாலும் உக்காரலாமே" என்று சொல்லிப் பார்த்தார். "உக்காந்துதானே இருக்கோம்" என்றாள் ஒரு கிழவி. மரிவிக்கும் யோசிக்காமல் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். இந்த அறையில் அவள் ஒரு வார்த்தை பேச முடியாது. வக்கீல்கள் மட்டும்தான் பேசுவார்கள். மகளுடைய தலையெழுத்தை யாரோ மூன்று பேர் பேசித் தீர்க்க, தான் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு நெஞ்சு வலித்தது.

நீதிபதி நரைத்த முடி பெண்மணி. அரசாங்கத்தின் வக்கீல் வயதில் சின்னவர், நல்ல மரியாதைக்காரர்.

"முதலாளியே நாலு வரிதான் எழுதியிருக்கார், கனம் நீதிபதி அவர்களே. ஏழு வருஷம் வேலை செஞ்சவங்களைப் பத்திச் சொல்றதுக்கு அவருக்கே ஒண்ணும் இல்லைன்னா, அதிகாரி என்ன பண்ணுவார்?"

ஆண்கள் பக்கத்தில் கார்னியின் காதுகள் தக்காளி நிறத்துக்கு வந்தன.

டாரியா எழுந்தாள். "கோப்புல அந்தக் கடிதத்துக்கு அடுத்து முப்பத்தாறு பக்கம் இருக்கு. சிலதைப் படிக்கிறேன்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "'ஜனவரி பதினாலு. சாவுச் சாப்பாடு. 140 பேர். மரிவிக் முந்தின நாளே திட்டம் போட்டு, சாமான் சொல்லி அனுப்பி, மூணு பேரை வச்சு முடித்தாள். ரொட்டி தீரவில்லை. ஃப்ரீசன் இரண்டு தரம் சாப்பிட்டார். அவருக்குச் செத்தவரைத் தெரியாது.'"

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆண்கள் பக்கத்தில் ஃப்ரீசன் கூரையைப் பார்த்தார்.

"'மார்ச் மூணு. எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மார்ச் பதினாறு. எழுந்தேன். நடுவில் மரிவிக் கடையை நடத்தினாள். நான் திரும்பக் கடைக்குப் போகாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.' 'ஜூலை ஒன்பது. புதுப் பையனுக்கு மரிவிக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். விரல் பத்தும் இருக்கிறது.' 'அக்டோபர் இரண்டு. பட்டியலில் எட்டு பதார்த்தம் மாற்ற வேண்டும் என்றாள். வேண்டாம் என்றேன். மாற்றினாள். அவள் சொன்னதுதான் சரி.'"

நீதிபதி வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். அப்புறம் அரசு வக்கீலைப் பார்த்தார். "அதிகாரியோட முடிவுல இந்தப் பக்கங்களைப் பத்தி எங்கயாவது இருக்கா?"

"நேரடியா இல்லை. ஆனா கோப்புல இருக்கறதை எல்லாம் படிச்சதாத்தான் நாம எடுத்துக்கணும்."

"படிச்சிருந்தா, நூத்தி நாப்பது பேருக்குச் சமைச்சவங்களை உதவியாளரா இருக்கலாம்னு எழுத முடியுமா? எழுதினாலும், ஏன்னு ஒரு வரி சொல்ல வேண்டாமா?"

சின்னவர் தாள்களைப் புரட்டினார். நேர்மையான பையன். "ஒரு வரியும் இல்லை, கனம் நீதிபதி அவர்களே" என்றார்.

தீர்ப்பு அன்றைக்கே வரவில்லை. மூன்று வாரமும் மரிவிக் சில நாள் உப்பை இரண்டு தரம் போட்டாள், சில நாள் போடவே இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை; எல்லாரும் தின்று தீர்த்தார்கள். ஏப்ரலில் மதிய நெரிசலின் நடுவே டாரியா ஃபோனில் கத்தினாள்: "ஜெயிச்சாச்சு! முடிவு ரத்து! வேற அதிகாரி, பழைய தேதி!" மரிவிக் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கார்னி சமையலறை வாசலில் வந்து நின்று விவரம் கேட்டார்.

"அப்படியா, நல்லது" என்றார். "வெரெனிக்கி கொதிக்குது, நீ இரு, நான் பாத்துக்கறேன்." அவர் கரண்டியைப் பிடித்து ஒன்பது வருடமாகியிருந்தது. அன்று ஏழாம் மேஜைக்குப் போன வெரெனிக்கி பாதி கரைந்துபோயிருந்தது.

ஆனால் வேறு அதிகாரி என்றால் எல்லாம் முதலிலிருந்துதானே! கோடை போயிற்று, அறுவடை போயிற்று. நவம்பர் கடைசியில், வெளியே மைனஸ் பதினெட்டு இருந்த ஒரு நாள் காலை, உணவக ஃபோன் அடித்தது. கார்னி எடுத்தார். ஒரு பெண் குரல், தான் புதிய அதிகாரி என்றது. மரிவிக்கின் வேலையைப் பற்றி முதலாளியிடம் நேரடியாகச் சில கேள்விகள் கேட்க வேண்டுமாம்.

கார்னி கூடத்தைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார். தன் செல்ஃபோன் எண்ணைச் சொல்லி, "இதுல கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டு, கோட்டுகூடப் போடாமல் பின்வாசல் வழியே பனிக்குள் இறங்கிப் போனார்.

மரிவிக் ஜன்னல் வழியே பார்த்தாள். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், வெறும் சட்டையில், ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். வாய் அசைகிறது. நிற்கவில்லை, அசைந்துகொண்டே இருக்கிறது. ஒரு கையை ஆட்டுகிறார். பானையின் உயரத்தைக் காட்டுகிறார். ஃபோனில் யாருக்குக் காட்டுகிறாரோ! தினமும் காலையில் காப்பி குடிக்க வரும் கிழவர்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்தார்கள்.

"யாராவது செத்துட்டாங்களா?" என்றார் ஒருவர்.

"இல்லை" என்றார் ஃப்ரீசன், கண்ணை எடுக்காமல். "கார்னி பேசறான்."

இருபத்திரண்டு நிமிடம். மரிவிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது அவர் புருவத்தில் பனி பிடித்திருந்தது. அவள் சூடாகக் காப்பியை நீட்டினாள்.

"என்ன பாஸ் சொன்னீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"இருபத்திரண்டு நிமிஷமா? இந்தக் குளிர்ல எதுக்கு வெளிய போனீங்க?"

"உள்ள நின்னு சொன்னா உனக்குக் கேட்டுடுமே" என்றார் கார்னி, அது கூடத் தெரியாதா என்பது போல.

பிப்ரவரியில் ஒப்புதல் வந்தது. மே மாதம் ஹனிலின் வினிபெக் விமான நிலையத்தில் இறங்கினாள். வயது இருபத்துநான்கு, காகிதத்தில் மட்டும் இருபத்தொன்று. இடையில் இரண்டே முறை பார்த்த மகள், தாயைவிட ஒரு சாண் உயரமாக நின்றாள். மரிவிக் அவள் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தாள், தோளைப் பிடித்துப் பார்த்தாள், கடைசியில் வாய்விட்டு அழுதாள். சுற்றி நின்றவர்களைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

ஒரு வாரம் கழித்து டாரியா, கோப்பை மூடும் முன் புதிய அதிகாரியின் குறிப்புகளின் நகலை அனுப்பிவைத்தாள். 'கடைசிப் பத்தியைக் கட்டாயம் படி' என்று மேலே எழுதியிருந்தது. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்தபின் சமையலறையில் ஹனிலின் அதை உரக்கப் படித்தாள். கார்னி உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"'முதலாளியுடன் தொலைபேசியில் பேசினேன். பணிகளை மிக விரிவாக விளக்கினார். சமையல்காரர் என்பதில் ஐயமில்லை. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டேன். அவர் சொன்னது: இந்த ஊரில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும், கல்யாணம் என்றாலும் கேக் செய்வது அவள்தான். பத்து வருடமாக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் செய்தாள். தன் பிள்ளைக்கு ஒரு முறைகூடச் செய்ததில்லை. அதை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருக்க வேண்டும்.'"

மரிவிக் ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

"பாஸ்" என்றாள்.

கார்னி மூட்டையைக் கீழே வைத்தார். ஹனிலினிடமிருந்து தாளை வாங்கி, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா ஒண்ணும் எழுதலை" என்றார்.

மரிவிக் போய் அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் இரண்டு கையையும் தொங்கவிட்டுக் கம்பம் மாதிரி நின்றார். ஆனால் விலகவில்லை. அவளாக விடும்வரை நின்றுவிட்டு, ஹனிலினைப் பார்த்து, "உனக்குப் பிறந்தநாள் எப்போம்மா?" என்று கேட்டார்.